சீனாய் மலையில அம்மாவைக் கூட்டிட்டுப் போன பெதுயின் கைடு

பாளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒருத்தங்க பரிசுத்த தேசம் டூர் போக எந்த பேக்கேஜ் நல்லதுன்னு கேட்டிருந்தாங்க, எல்லாரும் ஹோட்டல், சாப்பாடு, பிளைட் பத்தியே சொன்னீங்க, கைடு பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அந்தப் பயணத்துல இன்னிக்கும் மனசுல நிக்கிறது ஒரு கைடுதான், அதான் தனி இழையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

2019 பிப்ரவரி. நானும் அம்மாவும் போனோம். கெய்ரோவுல ஆரம்பிச்சு சீனாய் வழியா தாபா பார்டர் தாண்டி எருசலேம், கடைசில ஜோர்டான். குரூப்புல 38 பேர். அம்மாவுக்கு அப்ப 68 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். முப்பது வருஷம் சண்டே ஸ்கூல்ல மோசே கதை சொல்லிக் குடுத்தவங்க, பத்துக் கட்டளைய படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டுனவங்க, மோசே அதை வாங்கின சீனாய் மலைய ஒரு தடவ கண்ணால பாக்கணும்ங்கிறதுக்காகவே சீட்டு போட்டு காசு சேத்தவங்க.

மலைக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல டூர் லீடர் எழுந்து முட்டிவலி உள்ளவங்க யாரும் மேல வர வேண்டாம், ரூம்லயே படுத்துக்கோங்க, காலைல மலையடில இருக்கிற புனித கத்தரீன் மடத்தை மட்டும் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. அவர் சொன்னதுல தப்பு இல்ல, 2,285 மீட்டர் மலை, ராத்திரி ஒன்றரை மணிக்கு இருட்டுல ஏறணும். அம்மா ஒண்ணும் பேசல. தட்டுல இருந்த சாதத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாங்க, வாயில வைக்கல. ரூமுக்கு வந்த பிறகுதான் "முடியிற மட்டும் வாரேன், முடியாத இடத்துல உக்காந்துக்கிடுதேன்"னாங்க.

கீழ செக்போஸ்ட்ல ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு உள்ளூர் பெதுயின் கைடு, அதாவது பாலைவனத்து அரபு இனத்தவர், வருவார், அவங்க இல்லாம ஏற விட மாட்டாங்க. எங்களுக்கு வந்தவருக்கு ஒரு அம்பது வயசு இருக்கும். அந்தக் குளிர்ல சாக்ஸ் கூட இல்லாம வெறும் செருப்பு. வந்த உடனே 38 பேரையும் ஒரு தடவ பாத்தாரு, நேரா அம்மாகிட்ட வந்து "ஹஜ்ஜா, ஒட்டகம்"னு சொன்னாரு. அங்க வயசான பெண்களை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க, புனிதப் பயணம் போய் வந்த அம்மான்னு அர்த்தம்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன்.

அம்மா சேலைலதான் இருந்தாங்க, உள்ள தெர்மல் பேண்ட், மேல ரெண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா. சேலையோட ஒட்டகத்து மேல கால் போட்டு உக்காரணும்னதும் கூச்சப்பட்டு முடியவே முடியாதுன்னுட்டாங்க. அவர் என்ன செஞ்சாருன்னா, ஒட்டகக்காரப் பையன் தோளைப் பிடிச்சுத் திருப்பி, தானும் திரும்பி, ரெண்டு பேரும் பாறையப் பாத்து நின்னுக்கிட்டாங்க. நான் அம்மாவை ஏத்தி, சேலைய இழுத்து விட்டு, போர்வைய மேல போட்டு, ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் திரும்பல. ஒட்டகம் எந்திரிக்கும்போது பின்னங்கால்தான் முதல்ல எந்திரிக்கும், அப்ப ஆள் முன்னால சாஞ்சு விழுற மாதிரி ஆகும், அதனால பின்னால சாயணும்னு தன் உடம்ப வளைச்சு காட்டிக் குடுத்தாரு.

வழி பூரா எல்லாரும் டார்ச் அடிச்சுகிட்டு போனாங்க. அவர் மட்டும் டார்ச் போடல. என்னையும் அணைக்கச் சொன்னாரு. அஞ்சு நிமிஷத்துல கண்ணு பழகிருச்சு, மணல் வெளுப்பா தெரியுது, மலை கறுப்பா தெரியுது, மேல அவ்வளவு நட்சத்திரம் நான் வாழ்க்கைல பாத்ததில்ல. "ஷ்வய்யா ஷ்வய்யா", மெல்ல மெல்லன்னு சொல்லிக்கிட்டே அம்மா ஒட்டகத்துக்குப் பக்கத்துலயே நடந்தாரு.

ஒட்டகப் பாதை முடியிற இடத்துக்கு மேல 750 படி இருக்கு, படின்னா நம்ம வீட்டுப் படி இல்ல, கரடுமுரடா கல்லை அடுக்கி வச்சது, ஒண்ணு முழங்கால் உயரம் ஒண்ணு சாண் உயரம். அம்மா இருபது படி ஏறுனாங்க, அதுக்கு மேல முட்டி மடங்கல. உக்காந்து அழுதுட்டாங்க. வாழ்நாள்ல எங்க அப்பா இறந்தப்ப தவிர அப்படி அழுது பாத்ததில்ல. குரூப் போயிருச்சு, அவங்களுக்கு சூரியோதயம் பிடிக்கணும். கைடு தன் தம்பி முறைக்காரர் ஒருத்தரை குரூப்போட அனுப்பி வச்சுட்டு எங்ககூட நின்னுட்டாரு.

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அம்மா கையப் பிடிச்சு இறக்கி, பக்கத்துல ஒரு பள்ளம் மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. சுத்தி பாறை, நடுவுல சமதளம், ஒரு பெரிய பழைய சைப்ரஸ் மரம். எலியா தீர்க்கதரிசியோட பள்ளம்னு சொல்றாங்க. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். மேல உச்சியக் கைகாட்டி "மூசா" அப்படின்னாரு, மோசேயத்தான் அரபில அப்படிச் சொல்வாங்க. தரையக் கைகாட்டி ரெண்டு கையையும் ஏழு தடவ விரிச்சு மூடுனாரு. எழுபது. "செவன்ட்டி ஹியர்."

எனக்குப் புரியல. அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. பைபிள்ல யாத்திராகமம் 24ஆம் அதிகாரம். ஆரோன், நாதாப், அபியூ, மூப்பர் எழுபது பேர், எல்லாரும் மலைக்கு வந்தாங்க, ஆனா மோசே மட்டும்தான் கிட்டப் போகலாம், மத்தவங்க தூரத்திலிருந்து பணிந்துகொள்ளணும்னு ஆண்டவரே சொன்ன இடம். அம்மா அழுகைய நிறுத்திட்டாங்க.

அவர் சுள்ளி பொறுக்கி தீ மூட்டி டீ போட்டாரு, ஏதோ வாசனைப் பச்சிலை போட்டு, சீனி அள்ளிப் போட்டு. தோள்பைல இருந்து மெல்லிசா ஒரு ரொட்டி எடுத்து மூணாப் பிச்சாரு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளிப் போய் தன் தொழுகைய முடிச்சுட்டு வந்தாரு, அந்த நேரம் அம்மா "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு சங்கீதம் 121 முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க இருந்து சூரியன் தெரியாது. எதிர்ப் பாறையோட உச்சில முதல்ல சிவப்பா ஒரு கோடு விழுந்து, அது கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி வந்துச்சு. அம்மா ரொட்டிய கைல வச்சுக்கிட்டு என்னப் பாத்து, அந்த எழுபது பேர் கதை எப்படி முடியுதுன்னு தெரியுமாட்டின்னு கேட்டாங்க. "அவர்கள் தேவனைத் தரிசித்து, பின்பு புசித்துக் குடித்தார்கள்."

உங்களுக்கும் இந்த மாதிரி கைடு அமைஞ்சிருந்தா எழுதுங்க.

தூத்துக்குடி உப்பு:

அக்கா, கண்ணு கலங்கிருச்சு. நாங்க கத்தோலிக்கர், யாத்திராகமம் எங்க பைபிள்ல விடுதலைப் பயணம்னு இருக்கும், உடனே எடுத்து 24ஆம் அதிகாரம் வாசிச்சேன். இத்தனை வருஷம் பூசைல கேட்டும் அந்த எழுபது பேரைப் பத்தி யோசிச்சதே இல்ல.

எங்களுக்கு பெத்லகேம்ல அமைஞ்ச கைடு பக்கத்துல பெய்த் சாஹூர்காரர், ஏசு பிறந்ததை இடையர்களுக்கு தூதர் சொன்ன வயல் இருக்கிற ஊர் அது. அரபு கிறிஸ்தவர், தலைமுறை தலைமுறையா அதே ஊர். கிறிஸ்து பிறப்பு ஆலயத்து வாசல் ஒன்றேகால் மீட்டர் உயரம்கூட இருக்காது, குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும், ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் தன் கைய கல்லுல வச்சு இடிக்காம பாத்துக்கிட்டாரு, 40 பேருக்கும். கைல சிராய்ப்பே இருந்துச்சு. கீழ குகைல அந்த 14 முனை வெள்ளி நட்சத்திரத்துக்கிட்ட எல்லாரும் போட்டோவுக்கு அடிச்சுக்கிறப்ப, இது 1717ல வச்சது, 1847ல திருடு போச்சு, அதை வச்சு சபைகளுக்குள்ள வந்த சண்டை கிரிமியப் போருக்கே ஒரு காரணமாச்சுன்னு சொல்லி, அதனால இங்க தள்ளாதீங்கன்னு மெல்லமா சொன்னாரு.

மறுநாள் எருசலேம். பத்து கிலோமீட்டர்கூட இல்ல. ஆனா அவரால வர முடியல, பாலஸ்தீனர்ங்கிறதால அவருக்கு இஸ்ரேல் அனுமதிச் சீட்டு வேணும், அப்ப இல்ல. செக்பாயிண்ட்ல எங்களை வேற கைடுகிட்ட ஒப்படைச்சாரு. இறங்கும்போது என் மனைவி கைல ஒரு மெழுகுவத்தி குடுத்து, ஏசுவோட கல்லறைல எனக்காக ஏத்திருங்கன்னாரு. ஏசு பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்த தூத்துக்குடிக்காரங்ககிட்ட சொல்லி விட வேண்டியிருக்கு. நாங்க ஏத்தினோம். அந்த வரிசைல ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னோம், அவ கைல இருந்து அந்த மெழுகுவத்திய இறக்கவே இல்ல.

சந்தேகம்77:

நல்ல அனுபவம்தான், மறுக்கல. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த மலைதான் வேதத்துல சொன்ன சீனாய்ன்னு உறுதி இல்ல, சவுதில இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க, சீனாய்லயே வேற மலைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு, பல கைடுங்க வாயில வர்றதச் சொல்லி கடைக்குக் கூட்டிட்டுப் போய் கமிஷன் அடிக்கிறாங்க. எங்களை ஒரு ஒலிவ மரச் சாமான் கடைல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டு, ஏசு பிடிபடுறதுக்கு முந்தி ஜெபம் பண்ணின கெத்செமனே தோட்டத்துல இருபது நிமிஷம்தான் குடுத்தாரு எங்க ஆளு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. ஒரு நல்லவரை வச்சு எல்லா கைடையும் புகழ வேண்டாம்.

பாளைக்காரி:

கெத்செமனேல இருபது நிமிஷம்னா எனக்கும் வயிறு எரியும், நீங்க சொல்றது நியாயம். நான் எல்லா கைடையும் புகழல, ஒருத்தரைப் பத்திதான் எழுதினேன். எந்த மலைங்கிறதப் பத்தி பெரியவங்க பேசட்டும். ஆனா அந்த மனுஷன் வாயில வந்ததைச் சொல்லல, அது மட்டும் எனக்குத் தெரியும்.

பழைய ஏடு:

நான் பொதுவா இங்க வாசிக்க மட்டும் செய்வேன், இதுக்குப் பதில் எழுதாம இருக்க முடியல.

பாளைக்காரி அவர்களே, 4ஆம் நூற்றாண்டுக் கடைசில எகேரியான்னு ஒரு பெண் மேற்கேருந்து சீனாய் வரைக்கும் வந்து, எருசலேமெல்லாம் பாத்து, ஊர்ல இருக்கிற தன் சகோதரிகளுக்கு லத்தீன்ல கடிதமா எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கையெழுத்துப் பிரதி 1884ல இத்தாலில அரெத்சோ ஊர்லதான் கிடைச்சது. அவங்க மலை ஏறும்போது வழிகாட்டினது அங்க இருந்த துறவிகள். ஏறி முடிச்சு இறங்கி வர்ற வழில எலியா இடத்தைக் காட்டுறாங்க, அதுக்குப் பக்கத்துலயே மோசே கட்டளை வாங்கினப்ப ஆரோனும் எழுபது மூப்பரும் நின்ன இடம்னு ஒண்ணைக் காட்டுறாங்க. கூரை ஒண்ணும் இல்ல, பெரிய பாறை, மேல வட்டமா சமதளம், நடுவுல கல்லால ஒரு பலிபீடம்னு எழுதியிருக்காங்க. அங்க நின்னு மோசேயோட புத்தகத்துல இருந்து அந்தப் பகுதிய வாசிச்சுட்டு, இடத்துக்குப் பொருத்தமா ஒரு சங்கீதமும் சொல்லிருக்காங்க.

உங்க அம்மாவும் அதையேதான் செஞ்சிருக்காங்க, 1,600 வருஷம் கழிச்சு, யாரும் சொல்லிக் குடுக்காம.

இன்னொண்ணு, அந்த கைடு ஜெபலியா இனத்தவரா இருப்பார், மலைக்காரங்கன்னு அர்த்தம். மடத்தை 548க்கும் 565க்கும் நடுவுல ஜஸ்டினியன் பேரரசர் கட்டினப்ப, அதைக் காவல் காக்கவும் வேலை செய்யவும் கொண்டுவந்து குடியமர்த்தின குடும்பங்களோட வழி வந்தவங்கன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. அப்புறம் இஸ்லாத்துக்கு வந்தாங்க, ஆனா மடத்தோட உறவு விடல, இன்னிக்கும் அங்க தோட்டம், கட்டட வேலை, சமையல் எல்லாம் அவங்கதான். மடத்து மதிலுக்குள்ளயே சின்னதா ஒரு மசூதியும் இருக்கு. அதனால சந்தேகம்77 கேட்டதுக்கு என் பதில், அந்த மலைதான் நிஜமாவே சீனாயான்னு யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனா அந்த இடத்தைக் காட்டுற வழக்கம் நேத்து டூர் கம்பெனி உண்டாக்கினது இல்ல.

ரொறன்ரோ யாழ்:

வாசிக்க நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நாங்கள் 2018இல மானிப்பாய் ஆக்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து கனடாவில இருந்து போனனாங்கள். எருசலேமில எங்களுக்கு வந்தவர் ஆர்மீனியர், பழைய நகரத்துக்குள்ளயே பிறந்து வளந்தவர். பகல் முழுக்க சிலுவைப் பாதை காட்டிப்போட்டு, பின்னேரம் அவற்ற வேலை முடிஞ்சுது, காசும் குடுத்தாச்சு. ஆனாலும் களைப்பில்லாதவை இன்னொருக்கா வாங்கோ எண்டு சொல்லி, திருக்கல்லறைக் கோயில் கதவு பூட்டுறதைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவர். ஆறு சபை அந்தக் கோயிலுக்குள்ள இருக்குது, ஆனால் திறப்பு (சாவி) வைச்சிருக்கிறது ஜூதே எண்ட முஸ்லிம் குடும்பம், திறந்து பூட்டுறது நுசைபே எண்ட முஸ்லிம் குடும்பம், நூற்றாண்டுக் கணக்கா. ஏணியில ஏறி மேல் பூட்டைப் பூட்டி, பிறகு அந்த ஏணியைக் கதவில இருக்கிற ஓட்டையால உள்ளுக்குக் குடுத்துவிடுவினம்.

இரவு உள்ளுக்க தங்கிற துறவிகள் அந்த ஓட்டையால ஏணியை வாங்கேக்க எங்கட கைடு என்ர காதில சொன்னது, தன்ர தாத்தா அனாதைப் பிள்ளையா 1915 ஆர்மீனியப் படுகொலைக்குப் பிறகு இங்க வந்து சேந்தவர், ஒவ்வொரு நாளும் இதை வந்து பாத்துட்டுத்தான் படுப்பாராம், ஒரு வீடாவது ஒழுங்காப் பூட்டுப்படுது எண்டு தெரிஞ்சாத்தான் அவருக்கு நித்திரை வருமாம். நாங்களும் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்ட ஆக்கள். 1995இல பூட்டின வீடு. என்னால ஒண்டும் கதைக்க ஏலாமப் போச்சு. அவர் என்ர தோளில கை வைச்சுக்கொண்டு நிண்டவர்.

சந்தேகம்77:

பழைய ஏடு, நன்றி. எகேரியா விஷயம் எனக்குத் தெரியாது. தேடி வாசிக்கிறேன். ரொறன்ரோ யாழ், உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

மெழுகுவர்த்தி:

பாளைக்காரி அக்கா, ஒரு உதவி. எங்க அப்பா 71 வயசு, சுகர் இருக்கு, முட்டி பரவாயில்ல. எகிப்து மட்டும் போறாங்க, சர்ச்ல இருந்து. மலை ஏறலாமா? ஒட்டகம் பயமா இருக்குமா? கைடுக்கு எவ்வளவு குடுக்கணும்? தமிழ்நாடு அரசு மானியம் கிடைக்குமா?

தூத்துக்குடி உப்பு:

மானியம் எருசலேம் பயணத்துக்குத்தான் தம்பி. 2011ல 20,000 ரூபாய்னு ஆரம்பிச்சாங்க, பிறகு 37,000 ஆக்குனாங்க, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. பெத்லகேம், எருசலேம், நாசரேத், யோர்தான் நதி, கலிலேயாக் கடல் இதெல்லாம் அதுல வரும். எகிப்து மட்டும்னா வராது. விதிமுறை மாறிக்கிட்டே இருக்கு, சிறுபான்மையினர் நல ஆபீஸ்ல நேர்ல கேட்டுக்கோங்க.

பாளைக்காரி:

மெழுகுவர்த்தி, அப்பா ஒட்டகத்துல அந்த 750 படி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் தாராளமா போகலாம். ஏறும்போது பயம் இல்ல, ஓரமா நடக்கும்போது கீழ பாக்காம இருக்கச் சொல்லுங்க. இறங்கும்போது ஒட்டகம் வேண்டாம், வெளிச்சம் வந்துரும், மெதுவா நடந்தே இறங்கட்டும், ஊன்றுகோல் ஒண்ணு இங்கிருந்தே கொண்டு போகட்டும். விரல் மரத்துப் போற குளிர், கையுறை முக்கியம். சுகர் இருக்கிறதால பாக்கெட்ல பிஸ்கட். அங்க டீ ரொம்ப இனிப்பு, "சீனி வேண்டாம்"னு முதல்லயே சொல்லிரணும். ஒட்டகக் காசு ஏறுறதுக்கு முன்னாடியே பேசி, எது வரைக்கும்னும் பேசிக்கணும். வழில நிறைய பேர் இருட்டுக்குள்ள இருந்து ஒட்டகம் ஒட்டகம்னு கூப்பிடுவாங்க, கைடு சொல்றவரையே எடுத்துக்கோங்க.

கைடுக்கு எவ்வளவுன்னு கேட்டீங்க. எங்க குரூப்ல ஆளுக்கு இவ்வளவுன்னு சேத்து ஒரு கவர்ல குடுத்தாங்க. அது போக நான் தனியா குடுத்தேன், எண்ணிப் பாக்காம வாங்கி உள்ள வச்சுக்கிட்டாரு. அது அவரோட பிழைப்பு, சும்மா வந்தாருன்னு நான் கதை கட்ட மாட்டேன். டூரிஸ்ட் வராத மாசங்கள்ல அந்தக் குடும்பங்க ரொம்பக் கஷ்டப்படும், தாராளமா குடுங்க.

இறங்குற வழில ஒண்ணு நடந்துச்சு, முதல் பதிவுல எழுத விட்டுப்போச்சு. ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லால தட்டுனாரு, அது ரெண்டா பிளந்துச்சு. உள்ள செடி மாதிரி, பெரணி இலை மாதிரி கறுப்பா கோலம். மாங்கனீசு ஊறி அப்படி ஆகுதாம், அங்க எரியும் முட்செடிக் கல்லுன்னு விப்பாங்க. அம்மா ஆசையா கை நீட்டுனாங்க. அவர் அம்மா உள்ளங்கைல வச்சு, நல்லா பாக்க விட்டு, அப்புறம் ரெண்டு பாதியையும் வாங்கி, சரியாப் பொருத்தி, எடுத்த இடத்துலயே வச்சுட்டாரு. அம்மாவும் கேக்கல. செருப்ப சரி பண்ணிக்கிட்டு நடந்தாங்க.

பழைய ஏடு அவர்களே, நீங்க எழுதினதை நேத்து ராத்திரி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். இப்ப அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. அந்த வட்டப் பாறைன்னு வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம், நாம உக்காந்திருந்தது வட்டமாத்தானே இருந்துச்சு, பாருன்னு சொன்னாங்க. நான் பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டு பாத்தேன். உச்சிக்குப் போன மத்தவங்க அனுப்புன சூரியோதயம் படம் நூறு இருக்கு. அந்தப் பள்ளத்துல எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் இருட்டு. பெருசு பண்ணிப் பாத்தா ஒரு டீ கிளாஸ் தெரியுது, அம்மாவோட நீலக் கையுறை, அதைப் பிடிச்சிருக்கிற அவர் கை, கீழ ஒரு சாண் அளவுக்குப் பாறை. அது சமமா இருக்கு. வட்டமான்னு அதுல தெரியல.